கேப்மாரியின் தொப்பி

ஓசி என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு. அநேகமாக நீங்களும் யாருக்காவது சொல்லியிருப்பீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் அலுவல் தபால்களின் மேல் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்று எழுதியிருக்கும், அதற்குத் தபால் கூலி கிடையாது, அந்த முதல் இரண்டு எழுத்துதான் ஓ.சி. அங்கிருந்து கிளம்பி, மொய் வைக்காமல் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருகிறவன் வரைக்கும் வந்து நிற்கிறது.

அம்பேலுக்கும் கதை உண்டு. ஓடிப்பிடித்து விளையாடும்போது மூச்சு வாங்கினால் 'அம்பேல்' சொல்லி ஒதுங்குகிறோமே, அது 'ஐ ஆம் ஆன் பெயில்'. டுபாக்கூர், துபாஷியிலிருந்து வந்தது. ஓபி அடிப்பதற்கு ஆளுக்கொரு விரிவாக்கம் வைத்திருக்கிறார்கள்: காலேஜ் பையன் ஆஃப் பீரியட் என்பான், ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் அவுட் பேஷன்ட் ஆகிவிடும். அப்புறம் கேப்மாரி. தலையில் இருக்கிற கேப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறவன். கேப் மாறி. எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

சென்னைத் தமிழில் எந்தச் சொல்லைத் தொட்டாலும் அதற்கு ஒரு வெள்ளைக்கார அப்பா கிடைத்துவிடுகிறார். இந்தக் கதைகள் எனக்குப் பிடிக்கும். சொல்கிறவன் முகத்தில் வருகிற பெருமிதம் பிடிக்கும். கேட்கிறவன் 'அட, ஆமாம்ல!' என்று சொல்லும் அந்த நொடி பிடிக்கும். ஒரு சொல்லுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கிற விளையாட்டு அந்தச் சொல்லைவிடச் சுவாரசியமாக இருப்பது பல சமயம் நடக்கிறது. ஆனால் எல்லாக் கதையும் ஒரே ரகம் இல்லை. சில கதை நிஜம், சில கதை சும்மா அடித்துவிடுவது, ஒரே ஒரு கதை மட்டும் வேறு ஒரு வேலையையும் செய்துகொண்டிருக்கிறது.

கூட்டத்துக்கென்று தனிச்சொல் வைத்துக்கொள்வதை நம் இலக்கணக்காரர்கள் தவறாக நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த குழூஉக்குறி ஞாபகம் இருக்கும்: பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள். (வாடிக்கையாளர் எதிரிலேயே பொன்னுக்குப் 'பறி' என்று பேர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.) இதை நன்னூல் மரபு எந்தத் தலைப்பில் வைத்தது என்பதுதான் முக்கியம். தகுதி வழக்கு. கொச்சை என்றோ இழிவழக்கு என்றோ தள்ளிவைக்கவில்லை. ஆனால் இலக்கணம் குறித்துவைத்தது இன்னார் இன்னதை இப்படிச் சொல்வார்கள் என்பதை மட்டும்தான். பறி ஏன் பறி ஆயிற்று என்ற கதையை அது எழுதி வைக்கவில்லை. அந்த வேலையைப் பிற்பாடு நாம் எடுத்துக்கொண்டோம்.

ஓசிக்கு வருவோம். இந்தக் கதையை நான் பெரும்பாலும் நம்புகிறேன். அரசு அலுவல் கடிதங்கள் கட்டணமில்லாமல் போனது உண்மை. 1858இல் கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்தபிறகு உறைகளில் மகாராணியின் பெயர் ஏறியது. மலையாளத்திலும் 'ஓசு' என்றால் இதே இலவசம்தான். ஒரே தபால் ஓடிய ஊர்களில் ஒரே சொல் இருப்பது ஆச்சரியமில்லை. முதலெழுத்துக் கதை என்றாலே பொய் என்று கையைத் தட்டிவிடவும் முடியாது. ஏனென்றால் உலகத்திலேயே அதிகம் புழங்குகிற சொல் ஒன்று அப்படிப் பிறந்ததுதான். 1830களில் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகைக்காரர்களிடையே ஒரு கிறுக்கு பரவியது. வேண்டுமென்றே தப்பாக எழுத்துக்கூட்டி, அந்தத் தப்பின் முதலெழுத்துகளை மட்டும் அச்சிடுவது. 'ஆல் கரெக்ட்' என்பதை 'ஓல் கொரெக்ட்' என்று கொச்சையாக்கி, 1839இல் ஒரு பத்திரிகை ஓ.கே. என்று போட்டது. கூடப் பிறந்த மற்ற ஜோக்குகள் எல்லாம் செத்துப்போயின. இது மட்டும் பிழைத்து, இப்போது உங்கள் பாட்டியும் 'ஓகேப்பா' என்கிறார். அலென் வாக்கர் ரீட் என்ற அறிஞர் 1960களில் பழைய பத்திரிகைகளைப் புரட்டி இதை நிறுவும் வரைக்கும் ஓகேவுக்கும் டஜன் கணக்கில் கதைகள் இருந்தன.

அம்பேல் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஜாமீன் என்ற சங்கதியே தெரியாத ஆறு வயசுப் பிள்ளை எதற்கு ஜாமீனில் வெளிவர வேண்டும்? இங்கிலீஷ் நம் தெருவிளையாட்டுக்குள் வந்ததே இல்லை என்று சொல்லவில்லை. ஐஸ்பாய் என்று ஒளிந்து விளையாடினோமே, அது 'ஐ ஸ்பை' தான். ஆனால் அதைப் பாருங்கள், ஒலி அப்படியே இருக்கிறது, விளையாட்டும் அதேதான், கதைக்கு வேலையே இல்லை. நிஜமான பிறப்பு பெரும்பாலும் இப்படித்தான், சப்பென்று இருக்கும். கதை எவ்வளவு ஜோராக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்பட வேண்டும்.

டுபாக்கூரை எடுத்துக்கொள்ளுங்கள். துபாஷி என்றால் இருமொழி தெரிந்தவர், கம்பெனிக்காரனுக்கும் நம் வியாபாரிக்கும் நடுவில் நின்று பேசினவர். புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷி. சென்னையில் பச்சையப்ப முதலியார் துபாஷி. ரெண்டு பக்கமும் பேசுகிறவன் ரெண்டு பக்கமும் ஏமாற்றுவான், ஆகவே டுபாக்கூர். சரி, 'துபா' வந்துவிட்டது. 'கூர்' எங்கிருந்து வந்தது? கதை சொல்கிற யாரும் அந்த வாலைப் பற்றி வாயே திறப்பதில்லை. பச்சையப்பர் பேரில் இருக்கிற கல்லூரிப் பையன்களைக் கேட்டால் அதற்கும் ஏதாவது ஒன்று உடனே செய்து கொடுப்பார்கள் என்பது வேறு.

இத்தனை இங்கிலீஷ் அப்பாக்களுக்கு நடுவில், சென்னைச் சொற்களின் நிஜமான அப்பாக்கள் பலரை நாம் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1760களில் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு சென்னைக்கு வந்தார். அவரோடு சேர்ந்து சிப்பாய், குமாஸ்தா, சமையல்காரர், வைத்தியர், குதிரைக்காரர் என்று ஒரு உலகமே திருவல்லிக்கேணிப் பக்கம் குடியேறியது. 1855இல் நவாப் பட்டம் பறிபோனது. பேச்சு போகவில்லை.

பேஜார் பாரசீகம், சலித்துப்போனவன், வெறுத்துப்போனவன் என்று அர்த்தம். கலீஜ் அரபியிலிருந்து உருது வழியாக வந்தது, அங்கேயும் அழுக்குதான். குஜால் என்பது குஷ்ஹால், நல்ல நிலைமை. உஷார், ஹோஷியார். நாஸ்தா அப்படியே நாஷ்தா. ஜல்சா அரபியில் வெறும் 'அமர்வு', ஒரு கூட்டம். வடக்கே இன்றைக்கும் கட்சிக்காரர்கள் ஜல்சா நடத்துகிறார்கள், நாம் அந்தச் சொல்லைச் சாயங்காலத்துக்கு மேல் எங்கேயோ கூட்டிப்போய்விட்டோம். சால்ஜாப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது: சவால்-ஜவாப், கேள்வியும் பதிலும். கேள்விக்குப் பதில் சொல்வதே சாக்குச் சொல்வதுதான் என்று முடிவு கட்டிய ஊர் இது. டபாய்க்கிறதுக்குத் தெலுங்கில் சொந்தக்காரர் இருக்கிறார், 'தபாயிஞ்சு'. அங்கே அதட்டி மிரட்டிச் சாதிப்பது, இங்கே நழுவி ஏமாற்றுவது.

பேமானி கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. 'பே' என்றால் இல்லாத, 'ஈமான்' என்றால் நம்பிக்கை, நேர்மை. உருதுவில் பேயிமானி என்பது ஒரு குணத்தின் பெயர், நேர்மையின்மை. தமிழில் அது ஆளாகிவிட்டது. 'அவன் ஒரு பேமானி' என்கிறபோது, இலக்கணப்படி, அவன் ஒரு நேர்மையின்மை என்று திட்டுகிறோம். ஆளைப் பண்பாகவே ஆக்கிவிடுகிற இந்தத் திட்டை எந்தக் கவிஞனும் பொறாமையோடுதான் பார்ப்பான்.

கஸ்மாலம் இன்னும் வேடிக்கை. ரிக்ஷாக்காரர் வாயில் வருகிற சொல், குடும்பப் பெண்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய சொல் என்று பழைய சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. 'சபாஷ் மீனா'வில் சந்திரபாபு ரிக்ஷாக்காரராக வந்து சென்னைத் தமிழ் பேசியது 1958. அதற்கப்புறம் நகைச்சுவை என்றால் இந்தப் பாஷை, இந்தப் பாஷை என்றால் நகைச்சுவை என்று ஆனது. ஆனால் கஸ்மாலம் சுத்தமான சமஸ்கிருதம். அழுக்கு, மனச்சோர்வு. பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், இரண்டாவது சுலோகத்திலேயே, வில்லைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்த அர்ஜுனனைப் பார்த்துக் கிருஷ்ணன் கேட்கும் கேள்வியில் அந்தச் சொல் இருக்கிறது. ஒரே சொல்தான். குருக்ஷேத்திரத்தில் வந்தால் தத்துவம், கொருக்குப்பேட்டையில் வந்தால் கெட்ட வார்த்தை.

ஆக, ஒரு சொல் 'கீழே' இருக்கிறதா 'மேலே' இருக்கிறதா என்பது அது எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்ததில்லை. இப்போது யார் வாயில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் இங்கிலீஷ் கதைகள் தேவைப்படுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. குப்பத்துச் சொல் என்று ஒதுக்கிவைத்ததை எடுத்துப் பேசக் கொஞ்சம் கூச்சம் இருக்கிறது. அதற்கு ஒரு கம்பெனி முத்திரை கிடைத்தால் டீக்கடையில் மட்டுமில்லாமல் ஆபீஸிலும் சொல்லிக்கொள்ளலாம்.

வெள்ளைக்காரர்களும் இதே விளையாட்டை நம் சொற்களோடு ஆடினார்கள். முஹர்ரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று மாரடித்து அழுவதைக் கேட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் அதை ஹாப்சன்-ஜாப்சன் ஆக்கினார்கள், ஏதோ இரண்டு லண்டன் வக்கீல்கள் பேர் மாதிரி. 1886இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதிக்கு அதையே தலைப்பாக வைத்தார்கள். அதைத் தொகுத்த இருவரில் ஒருவர், புத்தகம் வருவதற்குள் இறந்துபோன பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அந்த அகராதியில் யுவராஜா 'அப்பர் ரோஜர்' ஆக நிற்கிறார். சிரிப்பு வருகிறது. ஆனால் ஹாப்சன்-ஜாப்சனில் சிரிப்புக்குள் போனது ஒரு கூட்டத்தின் துக்கம். இந்தக் கதையில் அதை நாம் உடனே பார்த்துவிடுகிறோம், ஏனென்றால் சிரித்தவன் வெள்ளைக்காரன்.

கேப்மாரியில் சிரிக்கிறவர்கள் நாம்.

முடிச்சுமாறி என்று ஒரு பழைய சொல் அகராதிகளில் உண்டு. மடியில் முடிந்துவைத்த காசை லாவகமாகக் கிளப்புகிறவன். மொள்ளமாறியும் அந்தக் குடும்பம் மாதிரியே ஒலிக்கிறது. இந்த வரிசையில் கேப்மாரியை நிறுத்தினால் கேப் மாறி என்று காதில் தானாகவே விழும். பேச்சில் ரகரமும் றகரமும் கலந்துபோன ஊரில் எழுத்து வித்தியாசத்தை யார் பார்ப்பார்கள்? தொப்பிக் கதை பிறக்க இவ்வளவு போதும்.

ஆனால் கேப்மாரி என்பது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். தமிழ்நாடு அரசின் சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அகரவரிசையில் வரும் 68 சாதிகளில் கேப்மாரிகள் என்று ஒரு வரி இருக்கிறது, செங்கல்பட்டு, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டப் பெயர்களோடு. கொஞ்சம் கீழே வந்தால் 'தோகைமலைக் குறவர் அல்லது கேப்மாரி' என்று இன்னொரு வரி.

சீர்மரபினர் என்பதே ஒரு வழுக்கலான சொல். முன்னாள் குற்றப்பரம்பரையினர் என்று படித்துக்கொள்ள வேண்டும். 1871இல் வடஇந்தியாவுக்காக வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளிகள் என்று அரசிதழில் அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் அதில் பிறந்தவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும், காவல் நிலையத்தில் போய் ஆஜராக வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மதுரைப் பக்கத்து மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றபோது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் செத்தவர்களில் ஒருவர். அந்த அனுமதிச் சீட்டுக்கு ராதாரிச் சீட்டு என்று பெயர். பாரசீகத்தில் ராஹ்தாரி என்றால் வழிச்சீட்டு. ராத்திரியில் ஊரைத் தாண்ட முடியாதவனுடைய காதில் அந்த ராதாரி எப்படி விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சொல்லுக்கு நாமாக அர்த்தம் வைத்துக்கொள்வது எப்போதும் விளையாட்டாகத்தான் நடக்கிறது என்றில்லை.

சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் ஒழிந்தது, நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31இல். அதற்கு முன்பே, 1948இல், வழக்கமான குற்றவாளிகளுக்கென்று இங்கே தனிச்சட்டம் வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பெயர்கள் குற்றத்தோடு ஒட்டியதில் புத்தகங்களுக்கும் பங்கு உண்டு. முல்லாலி என்ற போலீஸ் அதிகாரி 1892இல் சென்னை மாகாணத்தின் குற்ற வகுப்புகளைப் பற்றி ஒரு கையேடு எழுதினார். இன்ன கூட்டம், இன்ன வேஷம், இன்ன திருட்டு. காவலர்கள் ஆளை அடையாளம் காண்பதற்காக எழுதியது. இந்த வகை எழுத்துக்குத் தாத்தா வடக்கே இருக்கிறார். 1830களில் தக்குகளை ஒழிக்கக் கிளம்பிய ஸ்லீமன், 1836இல் கல்கத்தாவில் 'ராமசீயானா' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். பேரைக் கேட்டால் புராணம் மாதிரி இருக்கும். அது ஓர் அகராதி, தக்குகளின் ரகசியச் சொற்களுக்கு. இந்தியாவில் குழூஉக்குறிக்கென்று அச்சான அகராதிகளில் முந்தியது ஒன்றைத் தொகுத்தவர் வேவு பார்க்கிற அதிகாரி. நன்னூல்காரர் தகுதி வழக்கு என்று வைத்ததை ஸ்லீமன் சாட்சியாக வைத்தார். அதே ஆண்டு வந்த தக் சட்டம், குறிப்பிட்ட குற்றம் எதுவும் நிரூபிக்கப்படாமலேயே, தக் கும்பலைச் சேர்ந்தவன் என்பதற்காக மட்டும் ஆயுள் தண்டனை கொடுக்க வழிசெய்தது. 1871இன் சட்டத்துக்கு அது ஒத்திகை.

தக் என்ற சொல் அதற்கப்புறம் போன தூரம் உங்களுக்கே தெரியும். 'டக்' என்ற ஹிந்திச் சொல்லுக்கு ஏமாற்றுக்காரன் என்று அர்த்தம். ஸ்லீமன் வழியாக இங்கிலீஷுக்குப் போனது, அங்கிருந்து அமெரிக்காவுக்கு, கடைசியில் கறுப்பின இளைஞர்கள் தலையில் ஒட்டியது. டூபாக் ஷக்கூர் அதை வயிற்றில் பச்சை குத்திக்கொண்டார்: தக் லைஃப். 1996இல் இருபத்தைந்து வயதில் சுட்டுக் கொல்லப்பட்டவர். அந்த இரண்டு சொல்லுக்கும் அவர் ஒரு விரிவாக்கம் சொன்னார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல்லாக, குழந்தைகளுக்கு நீங்கள் ஊட்டுகிற வெறுப்பு எல்லோரையும் சேர்த்துக் கெடுக்கும் என்று பொருள்படும் ஒரு வாக்கியம். (கடைசியில் உள்ள வினைச்சொல்லை நான் கொஞ்சம் மரியாதையாக மொழிபெயர்த்திருக்கிறேன்.) மொழியியல்படி பார்த்தால் அது சுத்த டுபாக்கூர். அம்பேல், 'ஐ ஆம் ஆன் பெயில்' வகையறா. ஆனால் அந்தப் பொய் அர்த்தம் யார் மேல் அந்தச் சொல் எறியப்பட்டதோ அவர்கள் கையிலிருந்து வந்தது. அந்தச் சொல் என்ன செய்தது என்பதை அது மறைக்கவில்லை. நம் ஊரில் மீமில் கறுப்புக் கண்ணாடி இறங்கி 'தக் லைஃப்' என்று ஓடியபோது ஸ்லீமனும் இல்லை, டூபாக்கின் குழந்தைகளும் இல்லை. கவுன்டர் கொடுத்தவன் கெத்து, அவ்வளவுதான். அதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றே நினைக்கிறேன், தக் என்று சாதிச் சான்றிதழ் வாங்க வேண்டியவர் இங்கே யாரும் இல்லை.

கேப்மாரிக்கு அப்படி இல்லை. 2019இல் அந்தப் பேரில் ஒரு தமிழ்ப்படம் வந்தது, எஸ்.ஏ. சந்திரசேகர் இயக்கியது. தலைப்பை இங்கிலீஷில் எழுதியபோது முதல் மூன்று எழுத்து தொப்பிக்கு உரிய அதே மூன்று எழுத்து. சுவரொட்டியே தொப்பிக் கதையை ஒப்புக்கொண்டுவிட்டது. வேறு ஏதாவது ஒரு சாதியின் பெயரைத் திருடன் என்ற அர்த்தத்தில் சினிமாவுக்குத் தலைப்பாக வைத்துப் பார்க்கட்டும். முதல் காட்சிக்கு முன்னால் தியேட்டர் வாசலில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். இதற்கு எதுவும் நடக்கவில்லை என்றால், அந்தக் கூட்டம் சின்னது, சத்தம் போட ஆளில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், தொப்பிக் கதை அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. அது ஆட்களைக் காணாமல் அடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு தொப்பியை வைத்துவிட்டது. திட்டுகிறவனுக்கு மனசில் ஒரு குற்றமும் இல்லை. அவன் யாரையும் சாதி சொல்லித் திட்டவில்லையே, தொப்பி மாற்றுகிறவனைத்தானே சொன்னான்.

தோகைமலைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் காலேஜில் சேர விண்ணப்பிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழில் பட்டியலில் இருக்கிற மாதிரியே பெயர் இருந்தால்தான் சலுகை. 'அல்லது' போட்டு அச்சாகியிருக்கிறது. பக்கத்து பெஞ்சுக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, 'மச்சி, என்னடா இது, நிஜமாவே இப்படி ஒரு பேரா?' என்று கேட்பான். கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல், 'இது எப்படி வந்துச்சு தெரியுமா, கேப் இருக்குல்ல, கேப்பு...' என்று ஆரம்பிப்பான்.